போவதா, இருப்பதா: இரவில் பறக்கும் ஒரு சரக்கு விமான கேப்டனின் மூன்று வருஷங்கள்

எதற்காக எழுதுகிறேன்

சரக்கு விமானத்தில் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓட்டிவிட்டு நாற்பதுகளில் நிற்கும் விமானிகள் என்னிடம் வந்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "இங்கேயே இருக்கட்டுமா சார், இல்ல பாசஞ்சருக்குப் போயிடட்டுமா?" நான் முப்பது வருஷத்துக்கு மேல் பறந்து, அதில் பாதியைப் பயிற்சிப் பிரிவில் கழித்து ஓய்வு பெற்றவன். கேட்டவுடன் பதில் சொல்லிவிடும் பழக்கம் எனக்கு இருந்தது. கீழே எழுதியிருக்கும் விஷயத்துக்குப் பிறகு அதை விட்டுவிட்டேன்.

சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவர் பெயரும், அவர் வேலை பார்க்கும் நிறுவனமும், அவரை அழைத்த நிறுவனமும் இங்கே இல்லை. அடையாளம் தெரிந்துவிடக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

2023 தொடக்கத்தில் அவருக்கு 43 வயது. சென்னை விமான நிலையத்திலிருந்து அதிகத் தூரமில்லாத பகுதியில் சொந்த வீடு, கடன் முடிய இன்னும் 9 வருஷம். மனைவி மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. ஒரே மகள், அப்போது ஒன்பதாம் வகுப்பு. முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அம்மாவும் அவர்களோடு இருக்கிறார்.

போயிங் 737 சரக்கு விமானத்தின் கமாண்டர், அதாவது விமானத்துக்குப் பொறுப்பான கேப்டன். மொத்தம் 6,200 மணி நேரம் பறந்தவர், அதில் பாதி கமாண்டராக. லைசென்ஸ் வாங்கி மூன்று வருஷம் வேலை கிடைக்காமல் இருந்து, 2012இல் இந்த நிறுவனத்தில் கோ-பைலட்டாகச் சேர்ந்தார். அந்த வருஷம் அக்டோபரில்தான் கிங்ஃபிஷர் பறப்பதை நிறுத்தியது. வேலையில் இருந்த விமானிகளே தெருவுக்கு வந்திருந்த நேரம். அப்போது கை கொடுத்த இடம் என்ற நன்றி அவருக்கு எப்போதும் உண்டு.

அந்த நன்றியைக் கூட்டிய காரணங்களும் இருந்தன. 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் நின்றது. மாதக்கணக்கில் சம்பளம் வராமல் இருந்த கேப்டன்கள் வேறு இடங்களில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்ததை அவர் பக்கத்திலிருந்து பார்த்தார். 2020 மார்ச் 25 முதல் மே 25 வரை உள்நாட்டுப் பயணி விமானங்கள் முழுக்க நின்றபோது சரக்கு விமானங்களுக்குத் தடை இல்லை. பயணி விமானங்களில் இருந்த நண்பர்கள் சம்பளமில்லா விடுப்பில் வீட்டில் இருக்க, இவர் காலியான வானத்தில் மருந்துப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு பறந்தார். ஒரு மாதமும் சம்பளம் தவறவில்லை. 'பாசஞ்சர் மின்னும், கார்கோ நிக்கும்' என்று அவர் அடிக்கடி சொல்வார்.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பயணி இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு, தரையில் உருளைகள் பதித்து, இடது பக்கத்தில் பெரிய கதவு வைத்த 737-800இல் சுமார் 23 டன் ஏற்றலாம். கூரியர், செல்போன், மருந்து, வண்டி உதிரிபாகம் எல்லாம் மாலையில் சேர்ந்து, இரவில் பறந்து, காலையில் கடை திறக்கும்போது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதனால் இரவு பத்து, பதினொன்றுக்கு ரிப்போர்ட்டிங். ஊருக்குத் திரும்பும்போது பால்காரர் வண்டி வந்திருக்கும்.

அழைப்பு

2023 பிப்ரவரி 14 அன்று ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர் அறிவித்தது. ஜூனில் இண்டிகோ ஒரே ஆர்டரில் 500 விமானம் என்றது. நடுவில் மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. ஒரு பக்கம் ஆள் போதவில்லை, இன்னொரு பக்கம் ஆள் தெருவில். இந்தத் தொழிலின் முழுச் சரித்திரமும் அந்த அஞ்சு மாதத்துக்குள் அடங்கிவிடும்.

மார்ச் மாதம் 737 ஓட்டும் ஒரு பயணி நிறுவனத்திலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. நேரடியாக கேப்டனாகவே சேரலாம். ஏற்கெனவே 737 ரேட்டிங் (அந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதிச் சான்று) இருப்பதால் பயிற்சி குறைவு. மாதம் 70 மணி நேரத்துக்கு உத்தரவாதச் சம்பளம், அதற்கு மேல் பறந்தால் தனிப் பணம். கையில் வாங்குவது இப்போதையதை விட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடும். பேஸ், அதாவது வேலை தொடங்கி முடியும் ஊர், பெங்களூரு. சென்னை கிடைக்குமா என்று கேட்டதற்கு "அப்புறம் பார்க்கலாம் கேப்டன்" என்றார்கள். பத்து நாளில் பதில் வேண்டும்.

அவர் எனக்குப் போன் செய்தார். பத்து நிமிஷத்தில் நான் "போங்க" என்று சொல்லிவிட்டேன். சம்பளம் கூடுகிறது, தொழில் வளர்கிறது, 43 வயதில் போகாவிட்டால் 48இல் யார் கூப்பிடுவார்கள் என்பதெல்லாம் என் வாதம். ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை: இத்தனை வருஷம் வந்த அழைப்புகளை எல்லாம் மறுத்தவர், இதை மட்டும் ஏன் யோசிக்கிறார்?

ஒரு வாரம் கழித்து நேரில் வந்தபோது அவரே சொன்னார்.

கவனித்தவை

பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் ஒரு விடியற்காலை. மும்பையிலிருந்து சென்னைக்கு இறங்கிக்கொண்டிருக்கிறார்கள், மணி 4.40. வானிலை நன்றாக இருக்கிறது, விமானத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்திலிருந்த கோ-பைலட் மெதுவாக, "சார், ரேடியோல நம்மளத்தான் கூப்பிடறாங்க" என்றார். கட்டுப்பாட்டு அறை அதற்குள் இரண்டு முறை கூப்பிட்டிருந்தது. அன்று ரேடியோ பேச வேண்டியவர் இவர். கண் திறந்திருந்தது, கை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஆனால் அந்த இரண்டு அழைப்புகளும் அவர் காதில் விழவே இல்லை.

இறங்கியதில் ஒரு பிரச்சினையும் இல்லை. மறுநாளே சோர்வு அறிக்கை எழுதிக் கொடுத்தார். நிறுவனம் தண்டிக்கவில்லை, இரண்டு நாள் ஓய்வு கொடுத்து, எழுதியதற்கு நன்றியும் சொன்னது. ரோஸ்டர், அதாவது பணி அட்டவணை, மட்டும் அப்படியே இருந்தது. மூன்று வாரம் கழித்து அழைப்பு வந்தபோது, அவருக்கு அது சம்பளமாகத் தெரியவில்லை, தப்பிக்கும் வழியாகத் தெரிந்தது. இதைக் கேட்ட பிறகு என் பத்து நிமிஷ அறிவுரையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

உடம்பின் விழிப்பு மிகத் தாழ்ந்து கிடக்கும் நேரம் அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை. பணிநேர விதிகளே இந்த நேரத்தைத் தனியாகக் குறிப்பிடுகின்றன. சரக்கு விமானியின் இறக்கங்களில் பெரும்பங்கு இதற்குள்தான் வருகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு இரவுப் பணியைப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் 2007இலேயே சேர்த்தது, 2019இல் அதையே உறுதிசெய்தது. அவருடைய ரத்தப் பரிசோதனையிலும் மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.2க்கு வந்திருந்தது. மருந்து தேவைப்படும் அளவு இல்லைதான். ஆனால் மருத்துவச் சான்றிதழ் போனால் சம்பளமும் போய்விடும் தொழில் இது.

அழைத்த நிறுவனத்திடம் கூடுதல் நேரம் கேட்கச் சொன்னேன். ஆறு வாரம் கொடுத்தார்கள். பத்து நாள் என்பது பேச்சுக்குத்தான் என்று அப்போது தெரிந்தது. அந்த ஆறு வாரமும் ஒரு பள்ளி நோட்டில் எழுதச் சொன்னேன்: எப்போது தூங்கினார், எது எழுப்பியது, அடுத்த டூட்டி எது, எழுந்தபோது எப்படி இருந்தது.

அந்த நோட்டு என்னிடம் சில நாள் இருந்தது. 'காலை 11.20. சிலிண்டர்காரர் காலிங் பெல்.' 'மதியம் 1.05. மேல் வீட்டில் கிரைண்டர்.' 'யாரும் எழுப்பவில்லை. தானாக விழிப்பு. மணி 10.50.' படுக்கையறை ஜன்னலில் மகள் கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டியிருந்தாள். அதன் ஒரு மூலை பிய்ந்து, மதியம் இரண்டரைக்கு ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெயில் தலையணையில் விழும் என்பதுகூட நோட்டில் இருக்கிறது. மனைவி குக்கர் வைப்பதை விட்டுவிட்டு, அவர் தூங்கும் நாட்களில் பானையில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். விசில் சத்தம் வரக்கூடாது என்பதற்காக. பதினொரு வருஷமாக இப்படியா என்று கேட்டேன். அவருக்கே அப்போதுதான் தெரிந்ததாம்.

42 நாள் எழுதியதில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. தொடர்ந்து நாலு இரவு பறந்து, பிறகு மூன்று நாள் ஓய்வு வந்த வாரங்களில் முதல் பகல் நாலு மணி நேரமும், இரண்டாம் பகலிலிருந்து ஆறு மணி நேரமும் தூங்கியிருந்தார். ஓர் இரவு பறத்தல், அடுத்து ஒரு பகல் வகுப்பு, மறுபடி இரவு என்று மாறி மாறி வந்த வாரங்களில் எந்த நாளும் நாலரை மணி நேரத்தைத் தாண்டவில்லை. ஆறில் மூன்று வாரம் அப்படித்தான் இருந்தது. பிப்ரவரிச் சம்பவத்துக்கு முந்தைய வாரத்து ரோஸ்டரைத் தேடி எடுத்துப் பார்த்தோம். அதே மாதிரிதான். இரவு அவரைச் சோர்வாக்கியது உண்மை. அவரை உடைத்தது இரவும் பகலும் மாறி மாறி வந்ததுதான்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் மனைவி ஒரு வரி எழுதியிருந்தார். "நீங்க வீட்ல இருக்கற நாள்ல நாங்க பாக்கறது நீங்க தூங்கறதைத்தான்." அவருக்குத் தெரியாமல் எழுதியது. நான்தான் முதலில் பார்த்தேன்.

போட்ட கணக்குகள்

முதல் கணக்கு, 12 மாதம். 2017 ஆகஸ்டில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி கமாண்டர் வேலையை விட ஒரு வருஷ நோட்டீஸ் தர வேண்டும், கோ-பைலட் ஆறு மாதம். முன்னதாக விடுவிப்பது நிறுவனத்தின் விருப்பம். அதாவது 2023 ஏப்ரலில் ராஜினாமா கொடுத்தால் புது இடத்தில் உட்காருவது 2024 ஏப்ரலில். இன்றைய சந்தையின் சம்பளத்தைக் காட்டி, அடுத்த வருஷச் சந்தையில் சேரச் சொல்கிறார்கள். அந்த 12 மாதமும் காத்திருப்போம் என்று மின்னஞ்சலில் சொன்னார்கள். சம்பளமும் பேஸும் அப்போது இதேதான் என்று எழுதித் தரவில்லை.

"நோட்டீஸ்லாம் யாரு பாக்கறா, போய்க்கிட்டே இருங்க" என்று சொன்னவர்களும் உண்டு. அந்த வருஷமே ஆகாசா ஏர் நிறுவனத்திலிருந்து நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் 43 விமானிகள் விலகி, விஷயம் நீதிமன்றம் வரை போனது. இவர் அந்த வழியை எண்ணிப் பார்க்கவே இல்லை. அதில் எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

இரண்டாவது, நிறுவனத்தின் ஆரோக்கியம். இதைப் பலர் வதந்தியை வைத்தே முடிவு செய்கிறார்கள். தேவையில்லை. நம் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்தால் மாதாமாதம் 15ஆம் தேதிக்குள் பணம் கட்டியிருக்கிறார்களா என்று தெரியும். சம்பளத்தில் பிடித்த வரி அரசுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது வருமான வரித் துறையின் வரிப் பிடித்த அறிக்கையில் (அப்போது 26ஏஎஸ் படிவம்) தெரியும். ஒரு நிறுவனத்துக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தால் சம்பளம் தாமதமாகும் முன்பே இந்த இரண்டும் தாமதமாகும். நிறுவனங்கள் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் கணக்குகளையும் சிறு கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். அவர் மூன்றையும் பார்த்தார். தன் நிறுவனத்தில் வரியும் பிஎஃபும் ஒரு மாதமும் தவறவில்லை. ஆனால் இரண்டு விமானங்களின் குத்தகை அடுத்த இரண்டு வருஷத்துக்குள் முடிகிறது என்று தெரிந்தது. கோவிடுக்குப் பிறகு பயணி விமானங்கள் முழுமூச்சில் திரும்பி, அவற்றின் வயிற்றுப் பகுதியில் சரக்கு ஏறத் தொடங்கியதால் சரக்குக் கட்டணங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அதனால் இருப்பதும் பாதுகாப்பு என்று சொல்ல முடியவில்லை.

மூன்றாவது கணக்குதான் முடிவை மாற்றியது. பயணி நிறுவனங்களில் இருக்கும் மூன்று நண்பர்களின் இரண்டு மாத ரோஸ்டரை வாங்கி வரிசையாக வைத்துப் பார்த்தோம். இரவு முழுக்கப் பறப்பது குறைவுதான். ஆனால் காலை 5 மணி ரிப்போர்ட்டிங்குக்கு மூன்றரைக்கு எழும் நாட்கள் மாதத்தில் எட்டு, ஒன்பது. ஒரே நாளில் நாலு முறை ஏறி இறங்குவது வேறு. பெங்களூரு பேஸ் என்றால், இடம் இருந்தால் ஏற்றிக்கொள்ளும் டிக்கெட்டில் சென்னைக்கு வந்து போக வேண்டும். எட்டு நாள் ஓய்வில் இரண்டு, மூன்று நாள் வழியிலேயே கரையும். குடும்பத்தைக் கூட்டிப் போகலாமா என்றால் மனைவியின் வேலை, மகளின் பத்தாம் வகுப்பு, அம்மாவின் முழங்கால். ஒரு தாளில் 'வீட்டில் படுக்கும் இரவுகள்' என்று தலைப்புப் போட்டு எண்ணினோம். இப்போது மாதம் 13. அங்கே போனால் 9 அல்லது 10.

சீனியாரிட்டி பற்றியும் பேசினோம். அமெரிக்காவில் சரக்கு நிறுவனத்து கேப்டன் பெரிய பயணி நிறுவனத்துக்குப் போனால் பட்டியலின் அடியில், கோ-பைலட்டாக, முதல் வருஷச் சம்பளத்தில்தான் தொடங்க வேண்டும். இங்கே நாலு பட்டையோடே, அதாவது கேப்டனாகவே, போகலாம் என்பது பெரிய வசதி. ஆனாலும் விடுமுறை, பேஸ் மாற்றம், பெரிய விமானத்துக்கு மாறும் வாய்ப்பு எல்லாம் பெரும்பாலும் சேர்ந்த தேதியைப் பார்த்துத்தான். 65 வயது வரை இன்னும் 22 வருஷம் இருக்கும்போது அது ஏறிவிடக்கூடிய படிதான். இங்கே இருந்தால் அவர் பயிற்சி கேப்டன் வரிசையில் மூன்றாவது.

லைசென்ஸ் இழப்புக் காப்பீட்டை (உடல்நிலையால் பறக்கும் தகுதி போனால் பணம் தருவது) நாங்கள் அப்போது எண்ணவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முடிவு

ஏப்ரல் மூன்றாம் வாரம் அவர் அழைப்பை மறுத்தார். அதே வாரம் தன் நிறுவனத்தின் விமான இயக்கத் தலைவரிடம் நேரம் வாங்கி, நோட்டோடு போனார்.

கேட்டது மூன்று. இரவுகளைக் கொத்தாகக் கொடுத்து ஓய்வையும் கொத்தாகக் கொடுக்க வேண்டும், நடுவில் பகல் வேலை செருகக் கூடாது. பயிற்சி கேப்டன் வாய்ப்பை இந்த வருஷமே தர வேண்டும். இரண்டு வருஷத்துக்கு வெளியூர் பேஸுக்கு மாற்றக் கூடாது. "சம்பளம் கேப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாராம் தலைவர். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ரோஸ்டர் பிரிவு ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். வகுப்புகளை இரவுகளுக்கு நடுவில் போடுவது கணினி நிரப்பும் வசதிக்காகத்தான், அதற்கு வேறு காரணம் இல்லை என்று அங்கேதான் தெரியவந்தது.

முதலாவதை மூன்று மாதச் சோதனையாக ஏற்றார்கள். இரண்டாவதை எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாவதை எழுதித் தர மறுத்தார்கள், வாய்மொழியாகச் சரி என்றார்கள். அவர் தனக்கு ஒரு எல்லை வைத்துக்கொண்டார்: தொடர்ந்து இரண்டு மாதம் பழைய மாதிரி ரோஸ்டர் வந்தால் அந்த மாதக் கடைசியில் ராஜினாமா. 18 மாதம் கழித்து எல்லாவற்றையும் புதிதாகப் பார்ப்பது.

இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. பத்து வருஷத்தில் விட்டுப்போகும் தொகையைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். சிறிய தொகை அல்ல, வீட்டுக் கடனை மீதியிருக்கும் வருஷங்களில் பாதியிலேயே அடைத்துவிடலாம். "பணம் சரிதான் சார். ஆனா அந்தப் பணத்தோட நான் பெங்களூருல ஒரு ரூம்ல தனியா படுத்திருப்பேன். இவ பத்தாவது எழுதுவா" என்றார். அவருக்கு எது எவ்வளவு பெறும் என்பதை நான் நிறுக்க முடியாது என்று அப்போது புரிந்துகொண்டேன்.

தொடர்ந்து நடந்தவை

ஜூலை வரை ரோஸ்டர் சொன்னபடி வந்தது. ஆகஸ்டில் ஆள் பற்றாக்குறையால் ஒரு வாரம் பழையபடி ஆனது. அவர் நோட்டின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியதும் அடுத்த மாதம் சரிசெய்தார்கள். சோதனை நிரந்தரமானது, மற்ற கேப்டன்களுக்கும் அது கிடைத்தது. செப்டம்பரில் லைன் டிரெய்னிங் கேப்டன் (வழக்கமான பறத்தலிலேயே பயிற்சி தருபவர்) ஆனார். 2024 நடுவில் சிமுலேட்டர் (தரையில் இருக்கும் பயிற்சிக்கான மாதிரி விமானம்) பயிற்சியாளர். சிமுலேட்டரும் 24 மணி நேரமும் ஓடும், நடுராத்திரி வகுப்புகளும் வரும். ஆனாலும் மாதத்தில் ஏழெட்டு நாள் பகல் வேலையாக, சேர்ந்தாற்போல் வந்தது. சர்க்கரை 5.8க்கு இறங்கியது. எடை குறைந்ததும் காரணமாக இருக்கலாம்.

அவரோடு அதே அழைப்பைப் பெற்ற இன்னொரு கேப்டன் போனார். அவருக்கு 39 வயது, குழந்தை சின்னது, சொந்த ஊரே பெங்களூரு. 12 மாத நோட்டீஸை முழுதாக முடித்து 2024 ஏப்ரலில் சேர்ந்தார். இதற்கிடையில் 2024 ஜனவரி 5 அன்று அமெரிக்காவில் பறந்துகொண்டிருந்த 737 மேக்ஸ் ஒன்றின் கதவு அடைப்பான் பிய்த்துக்கொண்டு போனது. அமெரிக்க விமானத் துறை அந்த விமானத்தின் உற்பத்தியை மாதம் 38க்கு மேல் கூட்டக் கூடாது என்று நிறுத்தி வைத்தது. வர வேண்டிய விமானங்கள் இந்தியாவுக்குத் தாமதமாக வந்தன. விமானத்தை நம்பி முன்கூட்டி ஆள் எடுத்திருந்த இடங்களில் விமானிகள் காத்திருந்தார்கள். போன அந்தக் கேப்டனும் சில மாதங்கள் 25, 30 மணி நேரம்தான் பறந்தார். உத்தரவாதச் சம்பளம் வந்தது, எதிர்பார்த்த கூடுதல் பணம் வரவில்லை. 2025இல் நிலை சீராகி இப்போது நன்றாகப் பறக்கிறார். போனதற்கு வருத்தமில்லை என்கிறார், இரவில் வீட்டில் தூங்குவது அவருக்குப் போதும். இருந்தவர் சரி, போனவர் தவறு என்று இதைப் படிக்க வேண்டாம். கதவு பிய்ந்ததை இருவரில் யாரும் கணித்திருக்க முடியாது.

இருந்தவருக்கும் கெட்ட காலம் வந்தது. 2024 செப்டம்பரில் குத்தகை முடிந்த ஒரு விமானம் திரும்பிப் போனது. அதற்குப் பதில் வருமா வராதா என்று அஞ்சு மாதம் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு கோ-பைலட்கள் விலகினார்கள். அவர் மறுபடி பிஎஃப் பாஸ்புக்கை மாதாமாதம் பார்க்கத் தொடங்கினார். 2025 பிப்ரவரியில் வேறொரு விமானம் வந்தது. அந்த அஞ்சு மாதம் அவர் தூக்கம் கெட்டதற்கு ரோஸ்டர் காரணமில்லை.

அப்புறம் 2025 நவம்பர் 1. விமானிகளின் ஓய்வு விதிகளின் இரண்டாம் கட்டம் அமலுக்கு வந்தது, இரவில் இறங்கும் எண்ணிக்கையை இரண்டாகக் குறைத்த பகுதி அதில்தான் இருந்தது. வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக்கிய பகுதி ஜூலையிலேயே வந்திருந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்துசெய்ய வேண்டியதாயிற்று. கேப்டன்கள் போதவில்லை என்பது விமான நிலையத்தில் காத்துக் கிடந்த ஒவ்வொரு பயணிக்கும் தெரிந்தது. அவருக்கு ஒரே மாதத்தில் மூன்று அழைப்பு. வயது ஏறினால் யார் கூப்பிடுவார்கள் என்று நான் 2023இல் பயமுறுத்தியது நடக்கவில்லை.

மாற்றிச் செய்வதானால்

அவரைக் கேட்டால் ஒன்றைத்தான் முதலில் சொல்கிறார்: ரோஸ்டரை மாற்றித் தரும்படி ஒரு வருஷம் முன்பே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் கிடைக்காது என்று பதினொரு வருஷம் நம்பிக்கொண்டிருந்தார். பிப்ரவரி விடியற்காலை வரை காத்திருந்தது தன் தவறு என்கிறார். கேட்காத நிறுவனத்துக்கும் அதில் பங்கு உண்டு என்பேன் நான். சோர்வு அறிக்கைக்கு நன்றி சொன்னவர்கள் அன்றே ரோஸ்டரைத் திறந்து பார்த்திருக்கலாம்.

வெளியூர் பேஸ் பற்றிய வாய்மொழி உறுதியை வாங்கிக்கொண்டு வந்திருக்கக் கூடாது. விமானம் திரும்பிப்போன மாதங்களில் அவரை டெல்லிக்கு மாற்றும் பேச்சு வந்தது. அவர் பயிற்சியாளராக இருந்ததால் தப்பித்தது, உறுதிமொழியால் இல்லை.

லைசென்ஸ் இழப்புக் காப்பீடு. அவருக்கு இருந்தது நிறுவனத்தின் குழுக் காப்பீடு, வேலையை விட்டால் அதுவும் போகும். 2024இல் தனியாக ஒன்று எடுக்கப் போனபோது சர்க்கரை தொடர்பானவற்றை விலக்கி எழுதினார்கள். 35 வயதில் எடுத்திருந்தால் அந்த விலக்கு இருந்திருக்காது. போகிறவரும் இருக்கிறவரும் முதலில் பார்க்க வேண்டிய காகிதம் இது, எங்கள் தாளில் அது இடம்பெறவே இல்லை.

என் பக்கம்: இப்போது யார் போன் செய்தாலும் சம்பளம் பற்றிப் பேசுவதற்கு முன் கடைசி ஆறு வாரம் எப்படித் தூங்கினீர்கள் என்று கேட்கிறேன். பதில் வராவிட்டால் நோட்டுப் போட்டுவிட்டு வரச் சொல்கிறேன். முடிந்தால் மனைவியையும், அல்லது கணவரையும், முதல் பேச்சிலேயே உட்கார வைக்கச் சொல்கிறேன். 2023இல் அவர் மனைவியின் கருத்து எங்களுக்குக் கிடைத்தது நோட்டின் கடைசிப் பக்கத்தில். அதுவும் ஆறாவது வாரத்தில்.

2026 மார்ச்சில் மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறாள். சென்னையை விட்டு நகரக் கூடாது என்ற காரணத்தில் பாதி அதோடு தீர்கிறது. அம்மா எங்கேயும் வரத் தயார் என்கிறார். அவர் புது நோட்டு வாங்கியிருக்கிறார். முதல் பக்கத்தில் மூன்று அழைப்புகளின் விவரம், அதற்குக் கீழே இருக்கும் இடத்தின் விவரம். 'வீட்டில் படுக்கும் இரவுகள்' என்ற வரியை இந்த முறை அவர் மனைவியே எழுதி, எதிரில் எண் போடாமல் விட்டிருக்கிறார். அதற்குப் பக்கத்தில் பென்சிலில்: "எந்த ஊர் வீடு?"